பிராக்: சனி, ஞாயிறு இரண்டே நாள்

அக்டோபர் 20, 2024

கேள்வி: "பிராக்கில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு பாலம், ஒரு கடிகாரம், ஒரு கோட்டை. சனிக்கிழமை ஒரு நாள் போதும், ஞாயிறு வியன்னா போய்விடலாம் என்று பார்க்கிறேன். சரிவருமா?"

சரிவராது. செக் நாட்டுத் தலைநகர் பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலிலேயே நாலு மணி நேரம். போய், சாமான்களை எங்காவது வைத்துவிட்டு வெளியே வரும்போது ஞாயிறு மதியம் ஆகிவிடும். ஆனால் நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அது மட்டும் இல்லை.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2019 ஜூனில் தனியாக, அப்புறம் போன வாரம் அம்மாவோடு. ஜெர்மனியில் டிரெஸ்டனில் இருக்கிறேன், ரயிலில் இரண்டேகால், இரண்டரை மணி நேரத்தில் பிராக். முதல் முறை உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை காலை யூதர் குடியிருப்புக்குப் போனேன்: அருங்காட்சியகம், தொழுகைக்கூடங்கள், பழைய கல்லறை எல்லாம் பூட்டு. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். சரி என்று மறுநாள் ஞாயிறு காலை கோட்டைக்கு ஏறினேன். உள்ளே இருக்கும் புனித வீட்டுஸ் பேராலயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தது, சுற்றுலாப் பயணிகளுக்கு மதியம் 12 மணிக்குத்தான் கதவு திறக்கும் என்றார்கள். எனக்கு 12:30க்கு ரயில். நகரத்திலேயே நான் மிகவும் பார்க்க நினைத்த இரண்டு இடங்களையும் வெளிச்சுவரோடு பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அதனால் இரண்டு நாள் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சனிக்கிழமை கோட்டை, ஞாயிறு யூதர் குடியிருப்பு. இதை முதலில் முடிவுசெய்துகொண்டு மற்றதை இடைவெளிகளில் பொருத்துங்கள். வியன்னாவுக்கு இன்னொரு விடுமுறை கிடைக்கும்.

அக்டோபர் 20, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். யூதர்களின் பண்டிகை நாட்களிலும் அந்த அருங்காட்சியகம் மூடியிருக்கும். செப்டம்பர், அக்டோபரில் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். நாங்கள் போன அக்டோபர் 12 சனிக்கிழமை மட்டுமல்ல, யோம் கிப்பூர் நோன்பு நாளும்கூட. அன்றுதான் விஜயதசமி, அன்றுதான் புரட்டாசிக் கடைசி சனி. போகும் முன் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

அக்டோபர் 21

பாலத்துக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டிருந்தார் ஒருவர். விடியும் முன்.

மிகைப்படுத்தவில்லை. பகல் பதினொரு மணிக்கு சார்லஸ் பாலத்தில் நீங்கள் நடக்க வேண்டியதே இல்லை, கூட்டமே உங்களைத் தள்ளிக்கொண்டு போய் அக்கரையில் விட்டுவிடும். 516 மீட்டர் நீளம், பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். அதில் ஓவியம் விற்பவர், பாட்டுக் குழு, கைத்தடியில் கொடி கட்டிய வழிகாட்டிகள். நாங்கள் காலை ஆறரைக்கெல்லாம் பழைய நகரப் பக்கத்துக் கோபுரத்தின் கீழ் நின்றோம். சூரியன் உதிக்க ஏழேகால் ஆனது. முதுகுக்குப் பின்னால் கிழக்கு, எதிரே மேட்டில் கோட்டை. வெளிச்சம் முதலில் பேராலயக் கோபுரத்தின் நுனியில் விழுந்து, அப்புறம் மெதுவாகக் கூரைகளுக்கு இறங்கியது. ஆற்றில் அப்போதும் இருட்டு. பாலத்தில் எங்களைத் தவிர பத்துப் பேர் இருந்திருப்பார்கள்.

1357இல் நான்காம் சார்லஸ் மன்னர் கட்டத் தொடங்கிய பாலம் இது. அதற்கு முன் அங்கிருந்த பாலத்தை 1342 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இதுவும் 1890 வெள்ளத்தில் சில வளைவுகளை இழந்து மீண்டும் கட்டப்பட்டது. இருபுறமும் 30 சிலைகள், பெரும்பாலானவை பிற்காலத்தவை, இப்போது நிற்பவற்றில் பல நகல்கள், அசல்களை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள். நெப்போமுக் யோவான் என்ற பாதிரியாரின் சிலையின் கீழே உள்ள பித்தளைத் தகடு மட்டும் தொட்டுத் தொட்டுப் பளபளக்கிறது. 1393இல் மன்னர் உத்தரவின் பேரில் அவரை இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினார்கள். நம்மூர்க் கோயில் தூணில் எண்ணெய்க் கை பட்டு மினுங்கும் இடம் உண்டு இல்லையா, அப்படியே. அம்மா சொல்லிக் கொடுக்காமலே போய்த் தொட்டுக் கும்பிட்டார்.

அக்டோபர் 23

பணம் பற்றி. செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. சில கடைகளில் யூரோ வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் போடும் கணக்கில் உங்களுக்கு நஷ்டம்.

2019இல் பழைய நகரத்தில் ஒரு நாணய மாற்றுக் கடையில் 200 யூரோ கொடுத்தேன். பலகையில் 'கமிஷன் இல்லை' என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் நல்ல விலை. அது அவர்கள் கொருனாவை வாங்கும் விலை என்றும், எனக்குக் கொடுக்கும் விலை கீழே பொடி எழுத்தில் இருந்தது என்றும் பணத்தை எண்ணியபோதுதான் புரிந்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மறுநாள் விடுதியில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்த வருடம் ஏப்ரலில் இருந்தே சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், ரசீது இருந்தால் போதும். அதற்குள் பதினைந்து மணி நேரம் ஓடிவிட்டது. இதை எழுதும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த முறை முழுக்க அட்டைதான். ஏடிஎம்மில் எடுத்தால், "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று திரையில் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி கொருனாவிலேயே எடுங்கள்.

அக்டோபர் 24

பழைய நகரச் சதுக்கத்துக் கடிகாரத்தைப் பற்றி "ஒரு நிமிடம் பொம்மை ஆடும், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் 2019இல் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போனேன். மணி அடிக்கும், எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், இரண்டு சன்னல்களில் இயேசுவின் சீடர்கள் வரிசையாகத் தலைகாட்டுவார்கள், கடைசியில் சேவல் கூவும், எல்லோரும் கைபேசியை இறக்கிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். பார்க்க வேண்டியது அதற்கப்புறம்தான் என்று எனக்குக் காட்டியது அம்மா.

அம்மா ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர். கூட்டம் போனதும் அந்த நீல வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ராசிச் சக்கரம்டா" என்றார். ஆமாம், மேஷம் முதல் மீனம் வரை பன்னிரண்டும் ஒரு வளையத்தில் இருக்கின்றன, நம் அதே ஆடு, அதே காளை, அதே தராசு. சூரியன் ஒரு முள்ளில் பொன்னிறமாக அந்த வளையத்தின் மேல் நகர்கிறது, சந்திரன் தனி முள்ளில். 1410இல் வைத்தது, மணி காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. வெளிவட்டத்தில் 1 முதல் 24 வரை பழைய பாணிப் பொன் எண்கள் இருக்கின்றன. அது பழைய போஹீமிய (செக்) நேரம், சூரியன் மறையும்போது முந்தைய நாள் முடிந்து புது நாள் தொடங்கும். அதனால் அந்த வளையமே வருடம் முழுவதும் அஸ்தமனத்துக்கு ஏற்ப நகர்ந்துகொண்டே இருக்கும். "நாம உதயத்திலேர்ந்து நாழிகை எண்ணுவோம், இவங்க அஸ்தமனத்திலேர்ந்து எண்ணியிருக்காங்க" என்றார் அம்மா. உள்ளே வளைந்து போகும் கோடுகள் பகலை, அது நீண்ட பகலோ குறுகிய பகலோ, பன்னிரண்டு சம பங்காக்குகின்றன. கோடையில் ஒரு மணி நேரம் நீளம், குளிர்காலத்தில் குட்டை. ராகுகாலத்தைச் சரியாகக் கணக்கிடுகிறவர்கள் பகலை எட்டாகப் பிரிப்பார்களே, அதே யோசனை. 600 வருடப் பழைய ஐரோப்பியக் கடிகாரத்தை என்னைவிட வேகமாக அம்மா படித்தார்.

ஆனால் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார். "இன்னிக்குப் புரட்டாசி சனி. சூரியன் கன்னியில இருக்கணும். இங்கே துலாத்துல நிக்குதே?" எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: 1582இல் போப் கிரகோரி நாட்காட்டியை மாற்றிப் பத்து நாளைத் தள்ளினாரே, கடிகாரம் அதற்கு முந்தையது, அந்த வித்தியாசமாக இருக்கும் என்று.

இந்தக் கடிகாரத்தைச் செய்த ஹனுஷ் என்பவரை, வேறு ஊருக்கு இப்படி ஒன்று செய்து கொடுத்துவிடக் கூடாதென்று நகரசபையே கண்ணைக் குருடாக்கியதாம்.

அக்டோபர் 25

திருத்தம். ஹனுஷ் பற்றி எழுதியது கதைதான் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், சரி. கடிகாரத்தைச் செய்தவர் காடான் என்ற ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர். 1961இல் கண்டெடுத்த பழைய ஆவணம் ஒன்றால்தான் அது உறுதியானது. அதுவரை பல நூற்றாண்டுகள் பெருமை முழுக்க ஹனுஷுக்கே போய்க்கொண்டிருந்தது. மிக்குலாஷின் பெயரை இங்கே ஒருமுறையாவது சரியாக எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 27

இன்னொரு திருத்தம், இது பெரியது. கிரகோரி நாட்காட்டி பற்றி நான் அம்மாவிடம் சொன்னது தப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடிகாரம் காட்டுவது நாட்காட்டித் தேதியை அல்ல, சூரியன் இருக்கும் இடத்தை. அதைப் போப்பாண்டவரால் தள்ள முடியாது. செப்டம்பர் 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகும் அன்று அந்தக் கடிகாரத்தில் சூரியன் துலாத்துக்குள் போகும். நமக்கு ஐப்பசி முதல் தேதிதான் துலா மாதம், அது அக்டோபர் 17 அல்லது 18. இடையில் பத்து நாள் அல்ல, ஏறக்குறைய இருபத்து நாலு நாள்.

காரணம் அயனாம்சம். மேற்கில் மேஷத்தின் தொடக்கத்தைச் சம இரவு நாளோடு கட்டிவைத்திருக்கிறார்கள், நாம் நட்சத்திரங்களோடு கட்டிவைத்திருக்கிறோம். பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால் இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன, இன்று சுமார் 24 பாகை. ஏறத்தாழ 1,700 வருடங்களுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. ஆக, கடிகாரமும் சரி, அம்மாவும் சரி. நேற்று போனில் சொன்னேன். "அயனாம்சம்னு அப்பவே எனக்குத் தோணுச்சு, நீ அவ்வளவு உறுதியா சொன்னதால விட்டுட்டேன்" என்றார்.

இந்த ஆர்வம் உள்ளவர்கள் கடிகாரத்துக்கு எதிரே தெரியும் இரட்டைக் கோபுர டீன் தேவாலயத்துக்கும் போங்கள். வானியலாளர் டைக்கோ பிராகியின் கல்லறை அங்கே இருக்கிறது. அவருக்குப் பின் கெப்ளர் 1612 வரை இந்த நகரத்தில் இருந்து, கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று 1609இல் வெளியிட்டார்.

அக்டோபர் 29

சாப்பாடு. சைவம் கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். புரட்டாசி சனிக்கிழமை அம்மாவோடு போனவன் சொல்கிறேன், கிடைக்கும், ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். பிராம்போராச்கா என்ற உருளைக்கிழங்கு சூப், காளானும் உலர்ந்த மருவு இலையும் போட்டது, அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. இறைச்சி வேகவைத்த நீரில் செய்தார்களா என்று மட்டும் கேளுங்கள், சில கடைகளில் அப்படித்தான். பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் உண்டு, ஒரு வேளைக்கு நன்றாக இருக்கும். பழம் வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று, ஓவோட்சனே க்னெட்லீக்கி, மேலே பாலாடையும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். இனிப்பாக இருந்தாலும் அதையே மதியச் சாப்பாடாகச் சாப்பிடுகிறார்கள், நாங்களும் சாப்பிட்டோம்.

தெருவெங்கும் கம்பியில் சுற்றிச் சுடும் ட்ரெடெல்னிக்கை 'பழைய பிராக் பலகாரம்' என்று எழுதி விற்கிறார்கள். அதன் பெயர் பெற்ற ஊர் சுலோவாக்கியாவின் ஸ்காலிட்சா. சுவை நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பிடுங்கள், பிராக்கின் பாரம்பரியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நவம்பர் 2

முழங்கால் வலி உள்ள மாமியாரை அழைத்துப் போகிறவருக்கு: அம்மாவுக்கும் முழங்கால் வலிதான். கோட்டைக்கு ஆற்றங்கரையிலிருந்து படி ஏறாதீர்கள். 22ஆம் எண் டிராமில் பொஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தம் வரை போய், அங்கிருந்து சரிவில் இறங்கிக் கோட்டைச் சதுக்கத்துக்கு வாருங்கள், நடப்பதெல்லாம் இறக்கமாகவே இருக்கும். தெரு முழுக்கச் சின்னச் சின்னக் கல் பாவியது, மழை பெய்தால் வழுக்கும், தடித்த அடி உள்ள காலணி வேண்டும்.

டிராம், மெட்ரோ டிக்கெட்: 2024இல் 24 மணி நேரத்துக்கு 120 கொருனா, 72 மணி நேரத்துக்கு 330 என்று இருந்தது. வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறவர்களுக்கு 24 மணி டிக்கெட் இரண்டே போதும், அப்போது 240இல் முடிந்துவிட்டது. காகித டிக்கெட் என்றால் முதல் முறை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரம் குத்த வேண்டும், அந்த நிமிடத்திலிருந்துதான் 24 மணி கணக்கு. குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை.

கோட்டை வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை, கட்டடங்களுக்குள் போகத்தான் சீட்டு. பேராலயத்துக்கு 1344இல் அடிக்கல் வைத்து 1929இல் முடித்தார்கள். உள்ளே நுழைந்தால் பாதி பழையது, பாதி நம் தாத்தா காலத்தது, எது எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இழைத்திருக்கிறார்கள். முச்சா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் இடப்பக்கம் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் தங்கச் சந்து என்ற தெரு வேண்டுமா என்று கேட்டால், நேரமிருந்தால். 22ஆம் எண் வீட்டில் காஃப்கா எழுதினார் என்பதற்காகப் போனோம். ஒரு சின்ன அறை, உள்ளே கடை.

நவம்பர் 5

யூதர் குடியிருப்பைப் பற்றி எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் போனோம். பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் பொருள் எதுவும் இல்லை. சுவர்தான். சுவர் முழுக்கப் பெயர்கள், தரையிலிருந்து மேலே வரை, ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக, பிறந்த தேதி, கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதி. செக் நாட்டின் பகுதிகளான போஹீமியாவிலும் மொராவியாவிலும் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 80,000 யூதர்கள். கையாலேயே எழுதியவை. 1950களில் எழுதி முடித்தார்கள். 1968இல் கம்யூனிஸ்ட் ஆட்சி கட்டடத்தை மூடியது, ஈரத்தில் எழுத்துகள் அழிந்தன. ஆட்சி போன பிறகு 1992 முதல் 1996 வரை எல்லாப் பெயர்களையும் முதலிலிருந்து மீண்டும் எழுதினார்கள்.

அம்மா முப்பத்து நாலு வருடம் வருகைப் பதிவேடு வாசித்தவர். ஒரு சுவரருகே நின்று, எழுத்தைக் கூட்டி, வாய்க்குள் மெதுவாகப் பத்துப் பதினைந்து பெயர்களைப் படித்தார். உச்சரிப்பு சரியாக இருந்திருக்காது. மாடியில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசீன் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் அங்கே அடைபட்டிருந்தபோது அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்படும் முன் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போனார். அவர் 1944 அக்டோபரில் கொல்லப்பட்டார். பூ, பட்டாம்பூச்சி, வீடு, சன்னலில் திரை. அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், அரை மணி நேரம்.

பக்கத்தில் பழைய கல்லறை. 15ஆம் நூற்றாண்டு முதல் 1787 வரை. இடம் விரிக்க அனுமதி இல்லாததால் மண்ணுக்கு மேல் மண் போட்டு அடுக்கடுக்காகப் புதைத்தார்கள், அதனால் கற்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன, சுமார் 12,000. ஒரே மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று 2019இல் திட்டம் போட்டிருந்தேன். அன்று பூட்டியிருந்தது நல்லதுதான் என்று இப்போது படுகிறது.

நவம்பர் 9

விஷெஹ்ராத் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தெற்கே ஆற்றின் மேல் ஒரு குன்று, பழைய அரண், மெட்ரோ சி வழித்தடத்தில் அதே பெயரில் நிறுத்தம். கூட்டம் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக், ஸ்மெதானா, ஓவியர் முச்சா. 'ரோபோ' என்ற சொல்லை 1920இல் தன் நாடகத்தின் வழியே உலகத்துக்குக் கொடுத்த காரெல் சாப்பெக்கும் அங்கேதான், சொல்லைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அண்ணன் யோசெஃப் என்று அவரே எழுதியிருக்கிறார். மதில் மேல் நின்றால் வல்டாவா ஆறு வளைந்து நகரத்துக்குள் போவது தெரியும். அந்தத் தண்ணீர் மெல்னிக் என்ற ஊரில் எல்பே ஆற்றில் கலந்து, என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் கரைக்கு வந்து சேர்கிறது. 2002 ஆகஸ்ட் வெள்ளமும் அப்படித்தான் வந்தது, முதலில் பிராக்கில் மெட்ரோவை மூழ்கடித்துவிட்டு, அப்புறம் டிரெஸ்டனுக்கு.

பாலத்தை விடியலில் பாருங்கள் என்று மேலே அடித்துச் சொல்லியிருந்தேன். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இப்போது நான் விஷெஹ்ராத் மாலையைச் சொல்வேன்.

நவம்பர் 17

இன்று எழுத வேண்டும் என்றே வைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு, யூதர் குடியிருப்பிலிருந்து வெளியே வந்து ஆற்றை நோக்கி நடந்தால் யான் பலாக் சதுக்கம். ஒரு பக்கம் ருடோல்ஃபினும் இசையரங்கம், இன்னொரு பக்கம் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம். சுவரில் ஓர் இளைஞனின் முகம் உலோகத்தில் பதித்திருக்கிறது. யான் பலாக், அங்கே படித்த மாணவர். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையில் படைகள் நாட்டுக்குள் புகுந்தன. மக்கள் சோர்ந்து பழகிவிடக் கூடாது என்று 1969 ஜனவரி 16 அன்று வென்ஸ்லாஸ் சதுக்கத்தில் தன்னைத் தீயிட்டுக்கொண்டார், மூன்று நாள் கழித்து இறந்தார்.

நான் இதை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கட்டடத்தின் பெயரைத் திரும்பக் கேட்டார். "சார்லஸ் பல்கலைக்கழகமா? கமில் சுவலபில் இங்கதானே இருந்தாரு?"

எனக்கு அவர் பெயர் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கு முதுகலைப் பாடத்தில் வந்தவர். பிராக்கில் பிறந்து, அங்கிருந்தே தமிழ் கற்று, சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர், சங்க இலக்கியத்திலிருந்து பேச்சுத் தமிழ் வரை எழுதியவர். அதே 1968 படையெடுப்புக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி, பிறகு நெதர்லாந்தில் உத்ரெக்ட்டில் பேராசிரியராக இருந்து, 2009இல் பிரான்சில் மறைந்தார். "அவ்வளவு தமிழ் படிச்ச மனுஷன் இந்த ஊர்த் தெருவிலதான் நடந்திருக்காரு" என்று அம்மா சாலையைத் தாண்டிப் போய்க் கதவருகே நின்றார். ஞாயிறு, பூட்டியிருந்தது. படம் எடுக்கச் சொன்னார். மூன்று நாள் பயணத்தில் அவராகக் கேட்டு எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான்.

சுவலபில் பிறந்தது 1927 நவம்பர் 17. 1939இல் அதே தேதியில் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1989 நவம்பர் 17 அன்று மாணவர்கள் விஷெஹ்ராத் வரை ஊர்வலம் போய், அங்கிருந்து நகரின் மையத்துக்குத் திரும்பினார்கள், அதில்தான் கம்யூனிஸ்ட் ஆட்சியின் முடிவு தொடங்கியது. இன்று அங்கே விடுமுறை. அம்மா ஊரில் அந்தப் படத்தை அச்சிட்டு அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்.

நவம்பர் 18

முதல் கேள்வியைக் கேட்டவர் வியன்னாவை விட்டுவிட்டதாகவும் பெர்லினிலிருந்து டிசம்பரில் போவதாகவும் எழுதியிருக்கிறார். ரொம்ப சந்தோஷம். ரயிலில் போகும் திசைக்கு இடப்பக்கச் சன்னல் இருக்கையாகப் பதிவு செய்யுங்கள். டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு அந்தப் பக்கம்தான் வரும், எல்லை தாண்டிய பிறகும் நெடுந்தூரம் கூடவே வரும். டிசம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும், அதனால் வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு மதிய வண்டியில் ஏறுங்கள்.